கோரிக்கை மனு: இயலாமைச் சான்று மறுக்கப்படும்போது காரணத்தை எழுத்தில் வழங்க வேண்டுதல்

அனுப்புநர்
செயலாளர்,
மாற்றுத்திறனாளிகள் மற்றும் பெற்றோர் சங்கம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்; இணை இயக்குநர், மருத்துவ நலப் பணிகள்.

பொருள்: மருத்துவச் சான்று முகாம்களில் வாய்மொழியாகச் சான்று மறுக்கப்படுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தில் சென்ற ஆண்டு அளித்த மனு. 2. மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் நேரில் அளித்த மனு. 3. பதிவு அஞ்சலில் அனுப்பிய நினைவூட்டுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

எங்கள் சங்கம் பதிவு பெற்றது. இயலாமைச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு ஆவணம் திரட்ட உதவி வருகிறது.

பார்வை 1இல் கண்ட மனுவில், முகாமில் சான்று மறுக்கப்படுவோரின் கையில் எந்தத் தாளும் தரப்படுவதில்லை என்று தெரிவித்தோம். மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. பார்வை 2இல் அதையே நேரில் வலியுறுத்தினோம். முகாம்கள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன என்று பதில் வந்தது. முகாம் நடக்கவில்லை என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. முகாமுக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார் என்பதே எங்கள் முறையீடு. பார்வை 3இல் சட்டப் பிரிவுகளின் நகலையும் இணைத்தோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆகவே சொன்னதையே மீண்டும் முழுமையாக எழுதுகிறோம்.

முதன்மைக் கோரிக்கை

சான்றுக்கு ஒரு குடும்பம் எவ்வாறு தயாராகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். இ-சேவை மையத்தில் யுடிஐடி (தனித்துவ இயலாமை அடையாள) அட்டைக்குப் பதிவு செய்கிறோம். பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆடியோகிராம், சிறப்புப் பள்ளி அறிக்கை எல்லாவற்றையும் தேடித் தேதி வரிசையில் அடுக்குகிறோம். முகாம் நாளில் விண்ணப்பதாரரோடு துணைக்கு வருபவரும் அன்றைய கூலியை இழக்கிறார். காலையிலிருந்து காத்திருந்து மருத்துவரின் மேசைக்கு வந்தால், "நாற்பது வராதும்மா, அடுத்த முகாமுக்கு வாங்க" என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குத் தேதி இல்லை, கையொப்பம் இல்லை. தகுதி எல்லை நாற்பது சதவீதம் என்றிருக்க, எத்தனை சதவீதம் என மதிப்பிட்டார்கள் என்ற விவரமும் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 58(2) சான்றளிக்கும் அதிகாரிக்கு இரண்டு வழிகளையே தருகிறது. மதிப்பீட்டுக்குப் பின் சான்று வழங்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட இயலாமை ஏதும் இல்லை என்று விண்ணப்பதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவது என்ற மூன்றாம் வழி சட்டத்தில் இல்லை. இச்சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளில் விதி 18(4), தகுதியில்லை என முடிவானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்கென்றே படிவம் 8ஐயும் வகுத்துள்ளது. சான்று வழங்குவதற்கான ஒரு மாத அவகாசம் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் எழுத்தில் தெரிவிக்கும் கடமை சட்டத்தின் பிரிவிலேயே இருக்கிறது. கால அவகாசம் நீண்டதால் அந்தக் கடமை குறைந்துவிடாது.

இதை நாங்கள் இத்தனை வலியுறுத்தக் காரணம் பிரிவு 59. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அப்பிரிவு. முடிவே எழுத்தில் இல்லாதபோது அவர் எதை இணைத்து மேல்முறையீடு செய்வார்? ஒரு தாளைத் தராமல் இருப்பதன் மூலம் மேல்முறையீட்டு உரிமையே இல்லாமல் ஆக்கப்படுகிறது.

எங்களிடம் வந்த ஒருவரின் நிலையைச் சொல்கிறோம். சாரத்திலிருந்து விழுந்து ஒரு கை முடங்கிய கொத்தனார் அவர். காதும் சரியாகக் கேட்காது. எலும்பு மருத்துவர் கைக்கு 30 சதவீதம் என்றார். காது மருத்துவர் 25 என்றார். இரண்டும் நாற்பதைத் தொடவில்லை என்று கூறி அனுப்பிவிட்டார்கள். மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி ஒன்றுக்கு மேற்பட்ட இயலாமை உள்ளவருக்குக் கணக்கு வேறு. பெரிய மதிப்பை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய மதிப்பால் பெருக்கி, 90ஆல் வகுத்து, அதைப் பெரிய மதிப்போடு கூட்ட வேண்டும். இவருக்கு 60ஐ 25ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 16.67, முப்பதோடு கூட்டினால் 46.67. அதாவது அவர் தகுதியுடையவர். அந்த இரு மதிப்பீடுகளும் ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் இந்தப் பிழை அன்றே தெரிந்திருக்கும்.

இன்னொருவர், பதினெட்டு வயது கடந்த, அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் தாய். "ஐக்யூ டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார்கள். எங்கே எடுப்பது, யாரிடம் எடுத்தால் ஏற்பார்கள் என்று சொல்லவில்லை. முகாமில் உளவியலாளரும் இல்லை. அவர் செலவு செய்து பெற்றுவந்த அறிக்கையை அடுத்த முகாமில் வேறொரு மருத்துவர் ஏற்கவில்லை. முதலில் என்ன கேட்கப்பட்டது என்பதற்கு அவரிடம் சான்று இல்லை.

நாற்பது சதவீதம் என்ற எல்லையைப் பொறுத்தே அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும் உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடும் அமைகின்றன. மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கும், கடும் பாதிப்புடையோருக்கான 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சான்றுதான் முதல் தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் ஒரு கோப்பின் நகலை மறுத்தாலே காரணம், மேல்முறையீட்டுக் காலம், மேல்முறையீட்டு அதிகாரி ஆகிய மூன்றையும் எழுதித் தர வேண்டும். ஒருவரின் பிழைப்புக்கான உரிமையை மறுக்கும்போது ஒரு பக்கப் படிவத்தை நிரப்ப நேரமில்லை என்று சொன்னால் அதை எங்களால் ஏற்க இயலாது.

எனவே கீழ்க்காணும் ஆணைகளைப் பிறப்பிக்கக் கோருகிறோம்.

(அ) முகாமில் மதிப்பிடப்படும் ஒவ்வொருவருக்கும் சான்று அல்லது காரணத்துடன் கூடிய எழுத்துமூல மறுப்பு வழங்கப்பட வேண்டும்.

(ஆ) மறுப்பில் ஒவ்வொரு மருத்துவரின் மதிப்பீடும், கூட்டுக் கணக்கும், மேல்முறையீட்டு அதிகாரியின் பதவியும் முகவரியும் இடம்பெற வேண்டும்.

(இ) கூடுதல் ஆவணம் தேவையெனில் எது, எங்கே பெறுவது, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும்.

(ஈ) ஏற்கெனவே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பதிவேட்டின்படி மீண்டும் அழைத்து மதிப்பிட வேண்டும்.

பிற கோரிக்கைகள்

2. முகாம் தரைத்தளத்தில், சாய்தள வசதியும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் உள்ள இடத்தில் நடத்தப்பட வேண்டும்.

3. செவித்திறன் குறைந்தோருக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும்.

4. தேவையான ஆவணங்களின் பட்டியல் தமிழில் ஊராட்சி அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் ஒட்டப்பட வேண்டும்.

5. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ்த் தங்கள் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழு, பாதுகாவலர் நியமன விண்ணப்பங்களைக் காலம் தாழ்த்தாமல் பரிசீலிக்க வேண்டும்.

இம்மனு மீதான தங்கள் முடிவை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பதில் வராத நிலையில், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 80இன் கீழ் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம், பார்வையில் கண்ட கடிதங்களையும் பாதிக்கப்பட்டோரின் ஒப்பமிட்ட வாக்குமூலங்களையும் இணைத்து முறையிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், பிரிவு 58, 59 மற்றும் விதி 18 நகல், வாய்மொழியாக மறுக்கப்பட்டோரின் விண்ணப்ப எண் பட்டியல்.