கேட்கக் கற்றவர் எங்கே?

குழந்தையிடம் பேச யாருக்குத்தான் தெரியாது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். பாலியல் கொடுமைக்கு ஆளான பிஞ்சு உள்ளங்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதிக்கு அந்த எண்ணமே வித்து.

அத்தகைய ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். முதலில் உம்மா கேட்கிறார். பிறகு வாப்பா அதட்டிக் கேட்கிறார். மாமி, ஆசிரியை, ஜமாஅத்தின் பெரியவர்கள், காவலர், மருத்துவர், வழக்கறிஞர் என வரிசை நீளுகிறது. "அவன்தானே செய்தான்?" என்கிறார் ஒருவர். "பொய் சொல்லாதே" என்கிறார் மற்றொருவர். பத்தாம் முறை கேட்கும்போது, நடந்ததைச் சொல்கிறோமா, கேட்பவர் விரும்புவதைச் சொல்கிறோமா என்பது அக்குழந்தைக்கே தெரியாமற் போகிறது.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1983இல் எழுந்த மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் விசாரிக்கப்பட்டனர். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று தூண்டினர். எதிர்பார்த்த விடை வந்தால் பாராட்டினர். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஐந்தாண்டு சிறையில் கிடந்தார். 1990இல் ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகாமலே வழக்கு முடிந்தது. கேள்வி கெட்டால் நீதியும் கெடும். நிரபராதி வாடுவான், குற்றவாளியோ கைவீசி நடப்பான்.

அத்தகைய தவறுகளிலிருந்து அறிஞர்கள் பாடம் கற்று, கேட்கும் முறையை வகுத்தனர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நான் தவறாகச் சொன்னால் என்னைத் திருத்தலாம் என்று முதலிலேயே குழந்தைக்கு உணர்த்த வேண்டும். விளையாட்டையோ, பெருநாளையோ பற்றிப் பேசவிட்டு, தன் சொல்லில் விவரிக்கப் பழக்க வேண்டும். பிறகுதான், "நடந்ததெல்லாம் சொல்லம்மா" என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். விடையை உள்ளே பொதிந்த கேள்வி கூடவே கூடாது.

நம் நாட்டில்தான் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். ஆம், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும் என்கிறது அச்சட்டம். நன்று! ஆனால் சீருடையைக் களைந்ததும் அதட்டும் பழக்கமும் களைந்துவிடுமா? பெண்ணாய்ப் பிறந்ததனாலேயே கேட்கும் கலை வந்துவிடுமா? ஒருநாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் போதா. தொடர்ந்த மேற்பார்வையும் திருத்தமும் இல்லையேல், கற்ற முறை மறந்து பழைய வழக்கமே மீளும் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. காவலர், மருத்துவர், நீதிபதி ஆகிய அனைவருக்கும் இடையறாத பயிற்சி வேண்டும். இதை அரசிடம் உரிமையோடு கேட்போம்.

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? குடும்ப மானம் என்ற பெயரால் பள்ளிவாசல் திண்ணையில் பஞ்சாயத்துக் கூட்டி, குற்றவாளியின் எதிரிலேயே குழந்தையை நிறுத்திக் கேட்பது எந்த மார்க்கம் காட்டிய வழி? சாட்சியத்தை மறைப்பது பாவம் என்றும், உற்றாருக்கு எதிராயினும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்றும் போதிக்கும் திருமறையை ஓதும் சமுதாயமல்லவா நாம்! குற்றம் நடந்தது வீட்டிலாயினும், மதரஸாவிலாயினும் நியாயம் ஒன்றே. அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்குச் சட்டத்திலும் தண்டனை உண்டு.

குழந்தை தானாக வாய் திறந்தால் பொறுமையோடு கேளுங்கள். "இதில் உன் தவறு ஒன்றுமில்லை" என்று அணைத்துக்கொள்ளுங்கள். துருவிக் கேளாதீர்கள்; காவல் நிலையத்துக்கோ, 1098 என்ற எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள். விசாரிப்பது கற்றவர் கடமை. காப்பது நம் கடமை. குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. அன்று மானத்தைக் காத்தோம் என்ற விடை செல்லாது.