கிடங்கும் கணக்கும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருளீட்டுவார்க்கு மட்டுமே உரிய அறிவுரை இஃதென்று பலர் எண்ணுவர். உயிர் காக்கும் பணிக்கும் இதுவே முதல் விதி என்பது எமது கருத்து.

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தைச் சூழ்ந்த வயல்களில் உழைப்பான் ஒருவனை அரவம் தீண்டிற்று என்று கொள்வோம். நஞ்சு முறிக்கும் மருந்து அவனுக்கு அண்மையிலுள்ள மருத்துவ நிலையத்திலேயே இருத்தல் வேண்டும்; தொலைவிலுள்ள கிடங்கில் குவிந்து கிடப்பதால் யாது பயன்? எங்கும் மிகுதியாக வாங்கிக் குவிப்பதும் தக்கதன்று. மருந்துக்கும் ஆயுட்காலம் உண்டு. குறைந்தால் உயிர்க்கேடு, மிகுந்தால் பொருட்கேடு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிவதே இருப்புக் கணக்கின் நோக்கமாம்.

இந்நோக்கத்திற்கு நம் மாநிலம் ஒரு நல்வழி காட்டியுள்ளது. 1994-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒருங்கே கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் சேர்க்கின்றது. மருத்துவமனை ஒவ்வொன்றும், தனக்கு வகுத்த தொகைக்குள், பாஸ் புத்தகத்தில் பதிந்து மருந்து பெறும் முறையை அது வகுத்தது. கிடங்குகளின் வரவும் செலவும் கணிப்பொறியில் ஏறுவதால், எங்கே எது குறைந்தது, எது காலாவதியாகும் நிலையிலுள்ளது என்பதைச் சென்னையிலிருந்தே காணலாயிற்று. பின்னர்க் கேரளமும் இராஜஸ்தானமும் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

ஆயின், "மென்பொருள் வந்துவிட்டது; இனிக் கவலையில்லை" என்பாரோடு யாம் உடன்படோம். மென்பொருள் தானே சென்று பெட்டிகளை எண்ணாது; மனிதன் எழுதியதையே கூட்டிக் காட்டும். கடைசிக் குப்பியை எடுத்துக் கொடுத்தவர் அதனை அன்றே பதியாது விடின், மருந்து கணக்கில் இருக்கும், அலமாரியில் இராது. இருப்பு உண்டென்று நம்பிக் கிடங்கும் அனுப்பாது. ஏட்டில் எழுதிய பிழை ஓரறையோடு நின்றது. கணிப்பொறியில் எழுதிய பிழையோ மாவட்டம் முழுவதும் மெய்யென உலவும்.

ஆதலின், கொடுத்த பொருளை அன்றன்றே பதிதல் வேண்டும். முன்னறிவிப்பின்றி அலமாரியை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடல் வேண்டும். இன்றியமையா மருந்துகளின் இருப்பைப் பொதுமக்கள் காணுமாறு பலகையில் எழுதி வைத்தலும் நன்று.

மாணவ நண்பர்காள்! பண்டகக் கணக்கு எழுதுவதைச் சிறு தொழில் என்று இகழற்க. பொய்யின்றி எழுதிய ஓர் எண், என்றேனும் ஓருழவனை உயிரோடு வீடு சேர்க்கும்.