மூன்றரை டன் என்கிற பாதி உண்மை

ஆஸ்திரேலியாவில் கேரவன் வாங்கப் போகும் நம் நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: “நம்ம ஃபோர் வீல் டிரைவ் மூணரை டன் இழுக்கும்ங்க.” நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். விளம்பரம் சொல்வது பொய்யல்ல, பாதி உண்மை. என் வண்டிக்கும் கேரவனுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 5850 கிலோ. கேரவனே 3500ஐ எடுத்துக்கொண்டால் வண்டிக்கு மிச்சம் 2350. வெறும் வண்டியே 2100. மீதி 250 கிலோவுக்குள் நாலு பேர், இரும்பு பம்பர், கூடாரம், ஐஸ்பெட்டி எல்லாம் அடங்கணுமாம்!

ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி என்னை முந்தியபோது பின்னால் கேரவன் வாலை ஆட்டியது. ஸ்டீயரிங் என் கையில் இருந்தது, வண்டி இல்லை. ஃபோர் வீல் டிரைவ் மணலில் காப்பாற்றும். இந்த ஆட்டத்தில் காப்பாற்றாது.

இத்தனைக்கும் சாதாரண கார் லைசென்ஸே இதற்குப் போதும் என்கிறது சட்டம். லாரி ஓட்டத் தனித் தேர்வு வைக்கிறவர்கள், ஏறக்குறைய ஆறு டன்னை லீவுக்குக் கிளம்பியவன் கையில் எந்தத் தைரியத்தில் கொடுக்கிறார்கள்? அவர்கள் கேட்காவிட்டால் நாமாவது கேட்போம். சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி, கிளம்பும் முன் ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். நான் நிறுத்தியது, பயந்துபோன பிறகு.