தண்ணீருக்குக் காசா?

வீட்டுக் குழாயில் மீட்டர் பொருத்தி, செலவழித்த தண்ணீருக்கு அளந்து காசு வாங்கலாம் என்று யாராவது வாய் திறந்தால் போதும், நம் நடுத்தர வர்க்கத்துப் பெருமக்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தர்மம், அதற்குக் காசு கேட்பது பாவம்" என்கிறார்கள். இந்த வாசகத்தின் முதல் பாதியில் எனக்குப் பூரண சம்மதம். இரண்டாம் பாதியைச் சொல்லுகிறவர் வீட்டுச் சமையலறையில்தான் இருபது லிட்டர் கேன் உட்கார்ந்திருக்கிறது! கேன்காரருக்குப் பேரம் பேசாமல் காசு கொடுக்கிற கை, ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் ஏன் கூசுகிறது?

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். அக்கினித் தலம். கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், வெளியே ஐயங்குளம், மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் குளங்கள். இவ்வளவையும் வெட்டியவர்கள் தண்ணீர் சும்மா வரும் என்று நம்பியவர்கள் அல்லர். ஏரியைத் தூர் வாரவும் கரையை உயர்த்தவும் ஊரார் முறை வைத்து உழைத்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்: பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று வைத்து, அதற்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் தண்ணீருக்கு விலை கொடுத்தவர்கள்தாம். உழைப்பாகக் கொடுத்தார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இன்று ஊர் குடிக்கிற தண்ணீரில் பெரும் பங்கு தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து வருகிறது. சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம். அது தானாக நடந்து வரவில்லை. மின்சாரம் தள்ளுகிறது, வடிகட்டிகள் சுத்தம் செய்கின்றன, ஆட்கள் ராத்திரியும் பகலும் காவல் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் புயல் மழை பெய்தபோது அதே அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட வேண்டியிருந்தது. மலைச் சரிவில் மண் இடிந்து ஏழு பேர் மாண்டதும் அதே மழையில்தான். மழையை வானம் இனாமாகத்தான் தருகிறது. அதைத் தேக்கி, காய்ச்சி வடித்தது போலத் தெளிய வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிற வேலைக்குத்தான் செலவு.

அந்தச் செலவை இப்போது எப்படிப் பங்கிடுகிறோம்? நம் தமிழ்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் இணைப்புக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். மூன்று குளியலறையும் பூந்தோட்டமும் காரும் உள்ள வீட்டுக்கும், இரண்டு குடத்தில் நாளை ஓட்டுகிற விதவைக் கிழவியின் வீட்டுக்கும் ஒரே தொகை. இதற்கு மேல், தெருக் குழாயிலேயே மோட்டாரை வைத்து உறிஞ்சுகிற புண்ணியவான்கள் வேறு. அவர்கள் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறபோது, தெருக்கோடி வீட்டுக் குழாயில் வெறும் காற்று வருகிறது. இதற்கா தர்மம் என்று பெயர்?

எதிர்க் கட்சியில் ஒரு நியாயமான வாதம் உண்டு. "இன்றைக்கு மீட்டர் வரும்; நாளைக்குக் கம்பெனிக்காரன் வருவான்" என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பொலிவியா தேசத்தில் கொச்சபாம்பா நகரத்துத் தண்ணீரைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள், கட்டணம் ஏறியது, 2000-ல் ஜனங்கள் தெருவில் இறங்கி அந்த ஒப்பந்தத்தையே கிழிக்க வைத்தார்கள். அயர்லாந்தில் 2014-ல் ஆரம்பித்த தண்ணீர்க் கட்டணத்தை, கிளர்ச்சிக்குப் பிறகு 2016-ல் நிறுத்திவைத்தார்கள். ஏழைக்கு என்று ஓர் அளவை ஒதுக்காமல் விலை வைத்தால் அது கொள்ளைதான்.

அதனால் நான் கேட்பது இது. மத்திய சர்க்கார் நகரங்களுக்கு வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 20,250 லிட்டர் ஆகிறது. அதில் முதல் 10,000 லிட்டர் எல்லோருக்கும் இனாமாக இருக்கட்டும். அடுத்த 10,000-க்கு அடக்க விலை. அதற்கு மேல் போகிறவர் கையைக் கடிக்கிற விலை. தென்னாப்பிரிக்காவில் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இனாம் என்று 2001-ல் கொண்டுவந்தார்கள். டெல்லியில் 2015-ல் 20,000 லிட்டர் வரை காசில்லை என்றார்கள். அந்தச் சலுகைக்கே மீட்டர் வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இனாமாகக் கொடுப்பதற்கும் அளவு தெரிந்தாக வேண்டும் அல்லவா?

நிபந்தனைகளும் உண்டு. தெருக் குழாயை மூடக் கூடாது. குழாய் ஊர் கையிலேயே இருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டால், முதலில் வருகிற காற்றே மீட்டர் முள்ளைச் சுற்றிவிடும். ஆகவே ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் சீட்டு. ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் மீட்டர் வேண்டும். இல்லாவிட்டால் பணக்காரர் பூமிக்கு அடியில் போய்விடுவார். நிலத்தடி நீருக்கென்று 2003-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதை 2013-ல் ரத்தும் செய்துவிட்டார்கள். நிலம் உள்ளவன் எவ்வளவு வேண்டுமானாலும் உறிஞ்சலாம் என்றிருக்கும்வரை, குழாய்க்கு மட்டும் மீட்டர் வைப்பது ஓரவஞ்சனையே.

நான் கதை எழுதுகிறவன். வரவு செலவு போடுகிறவன் அல்லன். ஆனாலும் ஒரு கணக்கு எனக்குத் தெரிகிறது. லாரிக்காகக் குடத்தோடு நிற்கிற கூலிக்காரப் பெண் காலை இரண்டு மணி நேரத்தை இழக்கிறாள். சில நாள் கூலியையே இழக்கிறாள். குழாய் வீட்டுக்காரர் "தண்ணீர் இனாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும், அவருக்குப் பதிலாக விலை கொடுக்கிறவள் அவள்தான். அவளிடமிருந்து அந்தப் பாரத்தை எடுத்து, அதைச் சுமக்கத் திராணியுள்ள நம் தோள்மேல் வைக்கச் சொல்லுகிறேன். இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்கு எடுத்துச் சொல்லட்டும்.