சூம்பிய காலெல்லாம் போலியோ அல்ல

பசறைப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் அண்மையில் பதுளையில் எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தார். வயது 24. வலது கெண்டைக்காலில் அளவுநாடாவைச் சுற்றினால் இடதைவிட 4 சென்ரிமீற்றர் குறைவு. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னோம். இடது உயர்ந்தது, வலது அசையவில்லை. வலதுகாற் செருப்பில் குதிப்பக்கம் தேய்ந்து தரை தெரிந்தது. கிளினிக் கொப்பியில் முன்பு யாரோ எழுதிய ஒரே சொல்: போலியோ.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். இந்தத் தம்பி பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. கால் மெலியத் தொடங்கியதோ 19 வயதில், கொழுந்து மூடை சுமந்து ஏறும்போது. "எப்போது தொடங்கியது?" என்று கேட்டிருந்தால் அந்தச் சொல் கொப்பியில் ஏறியிருக்காது.

இந்தத் தம்பிக்குப் போல ஒற்றைக் கையோ காலோ மட்டும் மெல்லச் சூம்பும் நோயை, கையில் 1959இல் ஜப்பானின் ஹிரயாமா விவரித்தார். பெங்களூர் நிம்ஹான்ஸில் கௌரி தேவி குழுவினர் 1984இல் 23 பேரை ஆராய்ந்து 'மோனோமெலிக் அமையோட்ரொபி' என்று பெயரிட்டார்கள். நம் நாட்டில் ஜே. பி. பீரிஸ் குழுவினர் கை சூம்பிய 102 பேரைப் பற்றி 1989இல் எழுதினார்கள். பெரும்பாலும் இளம் ஆண்கள், உணர்ச்சி குறையாது, சில ஆண்டுகள் கூடி, பிறகு அப்படியே நின்றுவிடும்.

ஆனால் இது மற்றவற்றை விலக்கிய பிறகே சொல்ல வேண்டிய நோய். மரத்த தோலும் தடித்த நரம்பும் இருந்தால் தொழுநோயைத் தேடுங்கள். அனிச்சைகள் துள்ளினால் முதுகுத்தண்டைப் படமெடுங்கள். நரம்புக் கடத்தல் இடையில் தடைப்பட்டால் அது சிகிச்சைக்கு இணங்கும் வேறு நோய். இளவயதில் போலியோ கண்டவருக்கு ஐம்பதில் புதிதாகத் தளர்ச்சி வரலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு மலையகத்திலேயே சான்று உண்டு. 1977-78இல் தோட்டத்துத் தமிழ்ப் பெண்பிள்ளைகள் 20 பேருக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்தது. அத்தனை பேரும் பெரியவளாகும் வயதினர். நிமால் செனநாயக்கவும் ஜெயரத்தினமும் பூப்புச் சடங்கின்போது கொடுத்த நல்லெண்ணெய்வரை தேடிப்போய், அதில் கலந்திருந்த டிரை-கிரசைல் பொஸ்பேற்றைக் கண்டுபிடித்தார்கள். சமையற்கட்டில் என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்ததால் பிடிபட்ட நஞ்சு அது.

பதுளைக்கு ஒருமுறை வந்துபோனால் ஒரு பேர், அதாவது ஒரு நாட் சம்பளம், போய்விடும். ஆகவே தசை மின்பரிசோதனை, இரத்தம், இயன்முறைச் சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழுங்கு செய்யுங்கள். தொற்றாது, உயிரைப் பறிப்பது அரிது என்பதை வீட்டாருக்குத் தமிழில் சொல்லுங்கள். மலை வேலைக்குப் பதில் ஸ்டோர் வேலை தரும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தோட்ட வைத்தியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1993க்குப் பின் பிறந்தவரின் கொப்பியில் போலியோ என்றிருந்தால் அவரைத் திரும்ப அழையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே 10 சென்ரிமீற்றரில் இரு கால்களையும் அளந்து, திகதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.