சட்டம் போச்சு, போலீஸ் நிலையத்தில் பயம் போச்சா?

"பொண்ணைக் காணோம்" என்று பெற்றோர் புகார் கொடுக்கிறார்கள். தேடிப் பார்த்தால், அந்தப் பெண் வயது வந்தவர். தன் தோழியுடன் சேர்ந்து வாழ விரும்பி, தானாகவே வீட்டை விட்டு வந்தவர். போலீசார் அவரைப் பிடித்துப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாமா?

கூடாது என்கிறது சென்னை ஐகோர்ட்டு. இந்தப் பதில் சும்மா கிடைத்துவிடவில்லை. இதற்குப் பின்னால் தொண்டு நிறுவனங்கள் நடத்திய நீண்ட சட்டப் போராட்டம் இருக்கிறது.

ஆணுறையில் தொடங்கிய வழக்கு

வெள்ளைக்காரர்கள் 1860-ல் கொண்டு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதன் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுத்தது. இருவரும் மனம் ஒப்பியிருந்தாலும் குற்றம்தான்!

எய்ட்ஸ் வந்தபோதுதான் இதன் விபரீதம் புரிந்தது. டெல்லி திகார் ஜெயிலில் கைதிகளுக்கு ஆணுறை கொடுக்க மறுத்தார்கள். 1994-ல் ஒரு அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 2001-ல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்த தொண்டு நிறுவன ஊழியர்களையே போலீசார் இந்தப் பிரிவில் கைது செய்தார்கள். நோயைத் தடுக்கப் போனவர்களுக்கு ஜெயில்!

அதே ஆண்டு நாஸ் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. பயந்து ஒளிந்து வாழ்கிறவர்கள் சிகிச்சைக்கு வரமாட்டார்கள் என்பது அதன் முக்கிய வாதம்.

17 ஆண்டு இழுபறி

2004-ல் மனு தள்ளுபடி. 2006-ல் மறுபடியும் விசாரிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2009 ஜூலை 2-ந்தேதி வெற்றி. 2013 டிசம்பரில் அதை சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 6-ந்தேதி, வயது வந்தவர்கள் சம்மதத்துடன் தனிமையில் வைத்துக்கொள்ளும் உறவு குற்றம் அல்ல என்று 5 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினார்கள்.

சென்னையில் என்ன நடந்தது?

மதுரையில் இருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்து, தொண்டு நிறுவனத்தின் உதவியை நாடினார்கள். இரு வீட்டாரும் புகார் கொடுத்தார்கள். போலீசார் தேடினார்கள். அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகத் தானே ஒரு மனநல நிபுணரிடம் பாடம் கேட்டார்! 2021 ஜூன் 7-ந்தேதி உத்தரவு போட்டார். வயது வந்தவர்கள் விருப்பத்துடன் வாழ்வது தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்றார். மறு ஆண்டே தமிழக போலீஸ் நடத்தை விதியிலும் இது சேர்க்கப்பட்டது.

ஆனாலும்...

விதி வந்தும் வழக்கம் மாறவில்லை. 2025 மே மாதம், 25 வயதுப் பெண் ஒருவரைக் குடும்பத்தாரிடம் இருந்து மீட்க, அவரது தோழி ஆட்கொணர்வு மனுப் போட வேண்டி வந்தது. அந்தப் பெண்ணை ஐகோர்ட்டு விடுவித்தது. போலீசாரையும் கண்டித்தது.

ஏன் இந்தச் சிக்கல்? ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு அங்கீகாரம் கொடுக்க 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. அப்பா, அம்மா வந்து நின்றால் அவர்கள் உறவுக்காரர்கள். கூட வாழ்கிறவர் வந்து நின்றால், "நீ யார்?" என்ற கேள்விதான் வரும். தாமே தேர்ந்தெடுத்துக்கொள்வதும் குடும்பம்தான் என்று ஐகோர்ட்டு 2025-ல் சொன்னது அதனால்தான் முக்கியம்.

டெல்லியில் வாங்கிய உரிமை, உள்ளூர் சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில்தான் செல்லுபடியாக வேண்டும். அவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: வயது என்ன? சொந்த விருப்பமா?