கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் முள்ளைப் பாருங்கள்

கார்ட்ரிட்ஜ் என்றவுடன் நம்மில் பலருக்கு இங்க்ஜெட் பிரிண்டர்தான் நினைவுக்கு வரும். இங்கு நாம் பார்க்கப் போவது வேறு கார்ட்ரிட்ஜ். இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளில், அதன் நீண்ட கையின் நுனியில் முள்ளைத் தாங்கி நிற்கும் சின்னப் பெட்டி இது. யு.எஸ்.பி. இணைப்புள்ள டர்ன்டேபிள்கள் விற்பனைக்கு வந்த பின்னர், பரணில் கிடக்கும் எல்.பி. தட்டுகளை கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் எந்த சாப்ட்வேர், எத்தனை பிட், எந்த பைல் பார்மட் என்று மணிக்கணக்கில் பேசுபவர்கள், தட்டைத் தொடப் போகும் முள் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதி வாசகர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். துணி தைக்கும் மெஷினுக்கு உருண்டை முனை ஊசி. தோல் தைக்கும் மெஷினுக்கு வெட்டு முனை ஊசி. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். முனை மாறினால் தையல் கெடும், தோலும் வீணாகும் என்று உடனே சொல்வார்கள். தோலில் ஒரு முறை விழுந்த ஓட்டை மூடாது. இசைத்தட்டும் அப்படியே. கம்ப்யூட்டரில் தவறு செய்தால் கன்ட்ரோல் இசட் அழுத்தி மீளலாம். தேய்ந்து போன தட்டுக்கு அந்த வசதி கிடையாது.

இழப்பும் சின்னது அல்ல. பழைய தமிழ்ப் படப் பாடல்கள், நாகூர் ஹனிபாவின் பாடல்கள், உருது பேசும் குடும்பங்களில் சேர்த்து வைத்த கவ்வாலி தட்டுகள் என ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு இருக்கலாம். இவற்றில் எல்லாமே பின்னர் சிடியாக வந்துவிடவில்லை. உங்கள் வீட்டுத் தட்டுதான் மிஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கவும் கூடும்.

வடிவத்தில் என்ன இருக்கிறது?

எல்.பி. தட்டு நிமிடத்திற்கு 33 1/3 சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடும். உள்ளே, லேபிளுக்கு அருகில், அதே சுற்றில் வேகம் சுமார் 21 செ.மீ.தான். எனவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, வெளியே 51 மைக்ரான் நீளத்தில் பதிந்திருக்கும். உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருங்கிக் கிடக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் "ஸ்", "ச" ஒலிகள் கரகரவென்று சிதறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இனி முள் வகைகளைப் பார்ப்போம்.

1. கூம்பு முள்: இதன் நுனி உருண்டையானது. ஆரம் சுமார் 15 முதல் 18 மைக்ரான். உள் வட்டங்களில் நெருங்கிக் கிடக்கும் அலைகளின் வளைவுகளில் இந்த உருண்டை சரியாகப் பொருந்தாது; மேலோட்டமாகத் தாண்டிச் செல்லும். ஆனால் விலை குறைவு. பொருத்தும் கோணம் சற்றுத் தவறினாலும் பொறுத்துக் கொள்ளும்.

2. நீள்வட்ட முள்: பக்கவாட்டில் சுமார் 8 மைக்ரான், முன்பக்கம் சுமார் 18 மைக்ரான் ஆரம். பக்கம் கூர்மையாக இருப்பதால் கடைசிப் பாட்டும் தெளிவாக வரும். கோணத்தைக் கவனமாகப் பொருத்த வேண்டும். இதில் இரு பிரிவுகள் உண்டு. உலோகத் தண்டின் மீது சிறு வைரத் துணுக்கை ஒட்டியது விலை குறைந்தது. முழு முள்ளும் வைரமாக இருப்பது விலை கூடியது. எடை குறைவு என்பதால் துடிப்பாக அசையும்.

3. ஷிபாட்டா, மைக்ரோலைன் வகைகள்: ஷிபாட்டா முள் 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில், நான்கு சேனல் இசைத்தட்டுகளுக்காக உருவானது. இவ்வகை முட்கள் பள்ளத்தின் சுவரை மேலிருந்து கீழாக நீண்ட கோடு போலத் தொடும். நுணுக்கமான ஒலியும் கிடைக்கும்; எடை பரவுவதால் தேய்மானமும் குறையும். ஆனால் கோணம் மிகச் சரியாக இருக்க வேண்டும். எதையும் சரி செய்ய இடம் தராத மலிவு பிளேயரில் இதை மாட்டுவது பணத்திற்குக் கேடு.

சாப்ட்வேர் காப்பாற்றுமா?

"எது வந்தாலும் ஆடாசிட்டியில் சுத்தம் செய்து கொள்ளலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஆடாசிட்டி அருமையான இலவச சாப்ட்வேர்தான். "டிக் டிக்" சத்தத்தையும் தொடர்ச்சியான இரைச்சலையும் ஓரளவு அது குறைத்துவிடும். ஏனெனில் அவை பாட்டுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. முள் வளைவில் பொருந்தாமல் ஏற்படும் சிதைவு அப்படி அல்ல. அது பாடகரின் குரலோடு கலந்து, குரலின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. பதிந்த பிறகு அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். எனவே கையில் இருக்கும் பணத்தை சவுண்ட் கார்டுக்கோ சாப்ட்வேருக்கோ செலவு செய்வதற்கு முன், முள்ளுக்குச் செலவு செய்யுங்கள்.

விலையும் மணி நேரமும்

ஆடியோ டெக்னிகா நிறுவனம் தன் முட்களுக்குக் கூறும் ஆயுள் இது: கூம்பு 500 மணி நேரம், நீள்வட்டம் 300, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1000. மைக்ரோலைனின் விலை, ஒட்டு வகை நீள்வட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆயுளும் மூன்று மடங்கிற்கு மேல். எனவே மணி நேரக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று சிலர் வாதிடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் உங்கள் தேவை எவ்வளவு?

உங்களிடம் 100 எல்.பி. தட்டுகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் 67 மணி நேரம். 300 மணி நேர முள் 450 தட்டுகளுக்குப் போதும். தினமும் தட்டு போட்டுக் கேட்பவருக்கு மைக்ரோலைன் நியாயம். ஒரு முறை ஓட விட்டுப் பதிந்து வைக்க நினைப்பவருக்கு அது தேவையில்லை. 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸில் பதிந்தால் 100 தட்டுகளுக்கு சுமார் 70 ஜிபி இடம் ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இது ஒரு மூலைதான். எனவே முதல் பதிவை எம்.பி.3 ஆகச் சுருக்காமல் முழுதாகவே வையுங்கள்.

உங்கள் தட்டு எப்படிப்பட்டது?

விளம்பரங்கள் பேசாத விஷயம் இது. எச்.எம்.வி. பியஸ்டா போன்ற பிளேயர்களில் பல வருடம் ஓடிய தட்டுகளே நம் வீடுகளில் அதிகம். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் தட்டை அழுத்திய எடை, இன்று காந்த வகை கார்ட்ரிட்ஜ்கள் அழுத்தும் 2 கிராமைப் போலப் பல மடங்கு. பள்ளச் சுவரில் கூம்பு முள் தொட்ட இடம் ஏற்கனவே தேய்ந்திருக்கும். வேறு வடிவ முள் சுவரின் வேறு இடத்தைத் தொடும். அந்த இடம் தேயாமல் இருந்தால் பாட்டு புதிதாகப் பிறந்தது போல் கேட்கும். அங்கும் தேய்ந்திருந்தால் விலை உயர்ந்த முள் அந்தக் காயத்தையே விளக்கமாகப் படித்துக் காட்டும். எனவே "விலை கூடினால் ஒலி கூடும்" என்ற கணக்கு பழைய தட்டுகளிடம் எப்போதும் செல்லாது.

78 சுற்றுத் தட்டுகள் முற்றிலும் தனி. அவற்றின் பள்ளம் அகலமானது. முள்ளுக்கு சுமார் 76 மைக்ரான் ஆரம் வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் விழுந்து தூசியைத்தான் வாசிக்கும். பிளேயரில் 78 என்று ஒரு ஸ்விட்ச் இருப்பதால் மட்டும் 78 தட்டைப் போட்டுவிடாதீர்கள். மாறாக 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் அந்த எல்.பி.யை மறந்துவிட வேண்டியதுதான்.

என் பரிந்துரை

முதலாவது, முள்ளைத் தனியாகக் கழற்றி மாற்றக் கூடிய கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள். 2018ல் வந்த ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசை நல்ல உதாரணம். ஒரே உடலில் கூம்பு, நீள்வட்டம், ஷிபாட்டா, மைக்ரோலைன், 78 என எந்த முள்ளையும் மாட்டலாம். முதலில் ஒட்டு வகை நீள்வட்டம் வாங்குங்கள். மிகவும் அடிபட்ட தட்டுகளுக்கும் 45 சுற்று சின்னத் தட்டுகளுக்கும் ஒரு கூம்பு முள்ளைப் பின்னர் சேர்க்கலாம். 78 முள் இருந்தால் கூடுதல் எடை வேண்டும். கையின் பின்னால் உள்ள எடையை மாற்றி வைக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது, கையில் எடுத்துச் செல்லும் சூட்கேஸ் வகை மலிவு பிளேயர்களைத் தவிர்க்கவும். இவற்றில் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜும் செயற்கை நீலக்கல் முள்ளும்தான் இருக்கும். எடையும் அதிகம். நீலக்கல் வைரத்தை விட மிக விரைவில் தேய்ந்து, தட்டைச் செதுக்கத் தொடங்கும். இதில் மிச்சப்படும் பணம் உங்கள் தட்டின் தலையில்தான் விடிகிறது.

மூன்றாவது, வாங்கியதைச் சரியாகப் பொருத்துங்கள். கோணம் பார்க்கும் அளவுத்தாள் இன்டர்நெட்டில் பி.டி.எப். பைலாக இலவசமாகக் கிடைக்கிறது. பிரிண்ட் எடுக்கையில் அளவு 100 சதவீதம் இருக்கட்டும். ஸ்கேல் வைத்து ஒரு முறை சரி பாருங்கள். எடை பார்க்க, நகை நிறுக்கும் வகையிலான சின்ன டிஜிட்டல் தராசு போதும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை எக்ஸெல் ஒர்க் ஷீட்டில் குறித்து வாருங்கள்.

மேலும் ஒன்று. ஸ்டீரியோ தமிழுக்கு வருமுன் வந்த படப் பாடல்கள் மோனோ பதிவுகள். 1978ல் வந்த 'பிரியா' போன்றவைதான் ஸ்டீரியோவின் தொடக்க காலத்தவை. மோனோ தட்டைப் பதிந்த பின் இரு சேனல்களையும் ஆடாசிட்டியில் ஒன்றாக்குங்கள். செலவே இல்லாமல் இரைச்சல் கணிசமாகக் குறையும்.

வேலூர் வெயிலில் தட்டுகளைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். வளைந்த தட்டை எந்த முள்ளாலும் சரியாகப் படிக்க முடியாது. கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வைரமா, என்ன வடிவம், எத்தனை கிராம். இந்த மூன்றும் பெட்டியில் அச்சாகவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.